வெளிநாட்டில் மருத்துவம் படித்துவிட்டுக் கடலூர், புதுச்சேரி திரும்புபவர்களுக்கு: பதிவு எண் கைக்கு வரும்வரை எதற்குப் பின் எது

ரஷ்யா, கிர்கிஸ்தான், ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ், சீனா என்று எங்கே படித்திருந்தாலும் இங்கே மருத்துவராக வேலை பார்க்கத் தாண்ட வேண்டிய படிகள் ஒன்றுதான். தகுதிச் சான்றுகள், வெளிநாட்டில் படித்தவர்கள் எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. என்ற தகுதித் தேர்வு, மருத்துவமனையில் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி, நிரந்தரப் பதிவு. நானும் அந்த வழியாக வந்தவன். அதன் பிறகு கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி, பாகூர் பக்கத்துப் பிள்ளைகள் பலருடைய ஃபைலைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டில் எல்லாரும் தேர்வை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், அதற்கு வரம்பு கிடையாது. ஆனால் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கில் ஒரு வாரத்தில் வாங்கியிருக்க வேண்டிய சான்று முத்திரையைக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்துகொண்டு வாங்க மாதக்கணக்காகும். அதனால் இந்த வழிகாட்டி நீங்கள் இன்னும் அந்த நாட்டில் இருக்கும்போதே தொடங்குகிறது. ஏற்கெனவே ஊருக்கு வந்துவிட்டவர்களும் முதல் மூன்று பகுதிகளைத் தாண்டிப் போக வேண்டாம். உங்கள் ஃபைலில் என்ன குறைகிறது என்பது அங்கேதான் தெரியும்.

1. நீங்கள் எந்த விதிக்குள் வருகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரு தேதி: 2021 நவம்பர் 18. அன்றுதான் தேசிய மருத்துவ ஆணையத்தின் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கான விதிமுறை அரசிதழில் வந்தது. அதற்கு முன்பே கல்லூரியில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பழைய விதி. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் புதிய விதி.

புதிய விதி கேட்பவை இவை. படிப்பு குறைந்தது 54 மாதங்கள் இருக்க வேண்டும். அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியை அதே வெளிநாட்டுக் கல்லூரியில் முடித்திருக்க வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடந்திருக்க வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனுக்குக் கிடைப்பது போன்ற மருத்துவ உரிமம் உங்களுக்கும் கிடைக்கக்கூடிய படிப்பாக இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு இந்தியாவில் இன்னொரு 12 மாதப் பயிற்சி. எல்லாம் சேர்ந்த தேதியிலிருந்து பத்து ஆண்டுகளுக்குள் முடிய வேண்டும்.

இதில் நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று பிலிப்பைன்ஸ். அங்கே முதலில் பி.எஸ். என்ற முன்படிப்பு, பிறகு நான்கு ஆண்டு எம்.டி. என்ற மருத்துவப் படிப்பு. அந்த பி.எஸ். காலம் 54 மாதக் கணக்கில் சேராது. ‘மொத்தம் ஆறு வருடம் படித்தேனே’ என்ற வாதம் எடுபடவில்லை. இன்னொன்று நடுவில் கல்லூரி மாறுவது. முழுப் படிப்பும் ஒரே கல்லூரியில் என்பது விதி. கட்டணம் குறைவு என்று மூன்றாம் ஆண்டில் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறச் சொல்லும் ஏஜென்ட் இதைச் சொல்வதில்லை. போர் காரணமாக உக்ரைன் மாணவர்களுக்கு ஆணையம் தனியாக வழிவிட்டது. அதைக் காட்டி மற்றவர்கள் கேட்க முடியாது.

நீட் பற்றி ஒரு வரி. 2018 மே மாதத்துக்குப் பிறகு வெளிநாடு போனவர்கள் நீட் தகுதி பெற்ற பிறகே சேர்ந்திருக்க வேண்டும். அந்த மதிப்பெண் அட்டையைத் தொலைத்துவிட்டு, கடைசி நேரத்தில் பழைய மின்னஞ்சலின் கடவுச்சொல்லை யோசித்துக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்றே ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

‘நெக்ஸ்ட் வரப்போகிறதாமே, எஃப்.எம்.ஜி.இ. போய்விடுமா?’ என்று அடிக்கடி கேட்கிறார்கள். நெக்ஸ்ட் என்பது எஃப்.எம்.ஜி.இ. இடத்தில் வரவிருக்கும் பொதுத் தேர்வு. 2019 சட்டத்தில் அது இருக்கிறது, 2023இல் அதற்கு விதிமுறையும் வந்தது, உடனே தள்ளியும் வைத்தார்கள். உங்கள் கையில் இருப்பது எஃப்.எம்.ஜி.இ. அதற்குத் தயாராகுங்கள்.

2. ஊருக்கு டிக்கெட் போடுமுன் அங்கே வாங்க வேண்டியவை

பட்டமளிப்பு விழாப் படம் எடுத்த கையோடு பெட்டி கட்டுவதுதான் பழக்கம். அதற்கு முன் இவை எல்லாம் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- பட்டச் சான்று, அதன் அதிகாரப்பூர்வ ஆங்கில மொழிபெயர்ப்பு
- எல்லா ஆண்டுகளுக்குமான மதிப்பெண் பட்டியல், பாடவாரியாக மணி நேரக் கணக்குடன்
- சேர்ந்த தேதி, முடித்த தேதி, பாடமொழி மூன்றும் உள்ள பல்கலைக்கழகக் கடிதம்
- அங்கே செய்த பயிற்சிக்கான சான்று, துறைவாரியாகத் தேதிகளுடன்
- இந்தப் பட்டம் பெற்றவர் அந்த நாட்டில் மருத்துவராகப் பதிவு பெறத் தகுதியுள்ளவர் என்று அங்குள்ள உரிய அமைப்பு தரும் கடிதம்
- கொரோனா காலத்திலோ வேறு காரணத்தாலோ ஆன்லைனில் படித்திருந்தால், அதை நேரடி வகுப்பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஈடு செய்தீர்கள் என்ற கடிதம்

கடைசிக் கடிதத்தைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். ‘மாணவர் எல்லா வகுப்புகளிலும் கலந்துகொண்டார்’ என்று பொதுவாக எழுதிய தாள் இங்கே உதவாது. இங்குள்ள அதிகாரிகள் அதை உங்கள் பாஸ்போர்ட்டில் உள்ள குடிவரவு முத்திரைகளோடு வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் கடலூரில் இருந்த மாதத்தில் அங்கே நேரடி வகுப்பில் இருந்ததாகக் கடிதம் சொன்னால் கதை முடிந்தது. கடிதம் வாங்கும்போதே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துத் தேதிகளைச் சரிபாருங்கள்.

அதே காரணத்துக்காகப் பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப்பிக்கும்போது ரத்து முத்திரை குத்தித் திருப்பித் தருவார்கள். அதில்தான் உங்கள் முதல் மூன்று ஆண்டுப் போக்குவரத்து இருக்கும். வெற்றுப் பக்கம் உட்பட எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்தது முத்திரை. பட்டச் சான்று அந்த நாட்டு அரசின் அப்போஸ்டில் (ஒப்பந்த நாடுகளில் செல்லும் சான்று முத்திரை) பெற்றிருக்க வேண்டும், அல்லது அங்குள்ள இந்தியத் தூதரகம் சான்றளித்திருக்க வேண்டும். ரஷ்யா, கஜகஸ்தான், கிர்கிஸ்தான், ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் எல்லாம் அப்போஸ்டில் ஒப்பந்த நாடுகள். சீனாவில் அது 2023 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, ஆனால் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் இடையே அது செல்லாது. சீனா, நேபாளம் போன்ற இடங்களில் தூதரகம்தான் வழி. முடிந்தால் இரண்டையும் வாங்கிவிடுங்கள் என்பேன். கூடுதலாகச் சில நாள் தங்கும் செலவு பிறகு ஏஜென்டுக்குக் கொடுக்கும் பணத்தைவிடக் குறைவு.

வரிசை முக்கியம். முதலில் மூலச் சான்று, பிறகு மொழிபெயர்ப்பு, பிறகு முத்திரை. மொழிபெயர்ப்பில் பிழை இருந்து அதன்மேல் முத்திரையும் குத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே முத்திரைக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை, நண்பரை விட்டு இன்னொரு முறை எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

மூலச் சான்றுகளை அங்கே யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ‘அப்போஸ்டில் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன் தம்பி’ என்று வாங்கி வைத்துக்கொண்டு, மீதிப் பணம் வந்தால்தான் தருவேன் என்று சொன்ன ஏஜென்ட்டை எனக்குத் தெரியும்.

3. பெயர்: நம் ஊர்க்காரர்களின் தனிப் பிரச்சினை

பத்தாம் வகுப்புச் சான்றில் ‘எஸ். ஹரிஹரன்’. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்க வேண்டும் என்பதால் ‘ஹரிஹரன் செல்வராஜ்’. ரஷ்யப் பட்டத்தில் ‘செல்வராஜ் கரிகரன்’. ஏனென்றால் ரஷ்ய எழுத்தில் ‘ஹ’ ஒலிக்கு நேரான எழுத்து இல்லை. அதை ‘க’ மாதிரி எழுதி, அதிலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டு வரும்போது ஆளே மாறிவிடுகிறார். மூன்று தாள், மூன்று மனிதர்கள்.

இதைச் சரிசெய்யச் சிறந்த இடம் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் அலுவலகம். சேரும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி ஆங்கில எழுத்துகளில் பெயரைப் பட்டத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அது முடியாமல் போனால் மொழிபெயர்ப்பிலாவது பாஸ்போர்ட் எழுத்துக்கூட்டல் வர வேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஊருக்கு வந்த பிறகு என்றால், இனிஷியல் விரிவு மட்டும் வேறுபட்டால் இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் போடுவது வழக்கம். பெயரே வேறு மாதிரி இருந்தால், அல்லது திருமணத்துக்குப் பின் மாற்றியிருந்தால், அரசிதழ் அறிவிப்புதான் நிற்கும். கடலூர்க்காரர்களுக்குத் தமிழ்நாடு அரசிதழ், புதுச்சேரிக்காரர்களுக்குப் புதுச்சேரி அரசிதழ். இதற்கு நாளாகும். தேர்வு விண்ணப்பம் திறந்த பிறகு தொடங்கினால் அந்த அமர்வு போனதுதான்.

சின்ன விஷயம்: ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பாஸ்போர்ட் பெயருக்கு இப்போதே கொண்டு வந்துவிடுங்கள். பயிற்சிக்கால உதவித்தொகை வரும்போது வங்கியில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

4. எஃப்.எம்.ஜி.இ. விண்ணப்பம்

இதை நடத்துவது தில்லியில் உள்ள தேசியத் தேர்வு வாரியம். வழக்கமாக ஜூன், டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு அமர்வு.

பலரும் கவனிக்காதது தேர்ச்சித் தேதி. ஜூன் அமர்வு எழுத உங்கள் இறுதித் தேர்வு முடிவு ஏப்ரல் 30க்குள் வந்திருக்க வேண்டும். டிசம்பருக்கு அக்டோபர் 31. மே மாதம் முடிவு வந்தவர் ஜூன் அமர்வுக்குப் பணம் கட்டினால் பணமும் போகும், நேரமும் போகும். ஒவ்வொரு அமர்வின் தகவல் கையேட்டிலும் இந்தத் தேதி இருக்கும். ‘போன தடவை எழுதிய சீனியர் சொன்னார்’ என்பதை விட்டுவிட்டுக் கையேட்டை முழுதாகப் படியுங்கள்.

விண்ணப்பத்தில் புகைப்படம், கையெழுத்து, கைரேகை மூன்றும் ஏற்ற வேண்டும். நிராகரிப்பு அதிகம் நடப்பது இங்கேதான். மங்கலான பின்னணி, கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டிய படம், ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்ட கையெழுத்து. வெள்ளைப் பின்னணியில் புதிதாக ஒரு படம் எடுங்கள். அதே படத்தின் அச்சுப் பிரதிகளை மொத்தமாக எடுத்து வையுங்கள், பதிவு தரும் மருத்துவக் கவுன்சில் வரைக்கும் அதே முகம் போகட்டும்.

விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. ஆவணம் குறைந்தால் வாரியம் தெரிவித்து, திருத்த ஒரு கால அவகாசம் தரும். அது வாரிய இணையதளத்தில் உங்கள் பக்கத்துக்குள் நுழைந்தால்தான் தெரியும். பிரவுசிங் சென்டரில் அவர்களுடைய மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிவு செய்தவர்களுக்கு அந்தச் செய்தி வந்து சேருவதே இல்லை. சொந்த மின்னஞ்சல், சொந்த எண். வாரம் இருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

ஒரு விலக்கு உண்டு. அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளில் இளநிலை, முதுநிலை இரண்டு மருத்துவப் பட்டங்களும் பெற்று, அங்கே மருத்துவராகப் பதிவு பெறும் தகுதியும் உள்ளவர்களுக்கு இந்தத் தேர்வு தேவையில்லை. அப்படிப்பட்டவர்கள் ஆறாம் பகுதிக்குப் பிறகு படித்தால் போதும்.

5. தேர்வுக்குப் படிப்பது: மதிப்பெண் எங்கே இருக்கிறது

300 கேள்விகள். ஒரே நாளில் இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 150 கேள்வி, 150 நிமிடம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. 150 எடுத்தால் தேர்ச்சி. பாதிதானே என்று தோன்றும். சில அமர்வுகளில் நூற்றுக்குப் பத்துப் பேர்தான் தேறினார்கள், நல்ல அமர்வில் முப்பது பேர். அவ்வளவுதான்.

என் பார்வையில் தோற்பவர்கள் படிக்காததால் தோற்பதில்லை, வரிசை தப்பிப் படிப்பதால் தோற்கிறார்கள். ஊருக்கு வந்ததும் முதலாண்டு அனாடமி புத்தகத்தை எடுத்து மூன்று மாதம் உட்காருகிறார்கள். அனாடமிக்கு 17 மதிப்பெண்தான். பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரிக்கும் தலா 17. பாத்தாலஜி, மைக்ரோபயாலஜி, பார்மகாலஜி தலா 13. ஃபாரென்சிக் (சட்ட மருத்துவம்) 10. ஆக இந்தப் பக்கம் மொத்தம் 100.

மீதி 200 மருத்துவமனைப் பாடங்களில் இருக்கிறது. மெடிசின் 33, சர்ஜரி 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. இந்த நான்கில் மட்டும் 125. கண், காது மூக்கு தொண்டை, குழந்தை மருத்துவம் தலா 15. மனநலம், தோல், எலும்பு, மயக்க மருந்து போன்ற சின்னத் துறைகள் தலா 5. முதலில் பெரிய நான்கு, பிறகு மூன்று பதினைந்துகள், அதோடு மூன்று பதின்மூன்றுகள். அனாடமியைக் கடைசியில் வைத்தாலும் குடி முழுகாது.

சமூக மருத்துவத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 30 மதிப்பெண் உள்ள இந்தப் பாடத்தில் இந்தியப் பகுதியை உங்கள் பல்கலைக்கழகம் நடத்தியிருக்காது. இந்தியத் தடுப்பூசி அட்டவணை, தேசியத் திட்டங்கள், ஆஷா பணியாளரின் வேலை, ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை மக்களுக்கு ஒன்று என்பதெல்லாம் இங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். பழைய நோட்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு படிக்காதீர்கள். காசநோய்த் திட்டத்தின் பெயரே 2020இல் மாறிவிட்டது. ஃபாரென்சிக்கிலும் அப்படித்தான். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பிரிவு எண்கள் எல்லாம் மாறிவிட்டன.

இன்னொரு இடைவெளி நம் ஊர் நோய்கள். பனி கொட்டும் ஊரில் ஆறு வருடம் இருந்தவர் கண்ணாடி விரியன் கடித்த காலைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். ஆனால் எது நரம்பைத் தாக்கும், எது ரத்தத்தை உறையவிடாது என்பது கேள்வியாக வரும். டெங்கு, எலிக்காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நாளை வார்டில் காய்ச்சலோடு வருபவரிடமும் இதே குழப்பம்தான் இருக்கும்.

கோச்சிங் சேரலாமா? சேரலாம், ஆனால் கட்டாயம் கிடையாது. ஆன்லைன் வகுப்பு ஒன்று போதும். மூன்று செயலிக்குப் பணம் கட்டி மூன்றையும் பாதியில் விட்டவர்கள்தான் அதிகம். முழுநீள மாதிரித் தேர்வை, தேர்வு நடக்கும் அதே நேரத்தில், எழுந்திருக்காமல் எழுதிப் பழகுங்கள். மதிய உணவுக்குப் பின் வரும் இரண்டாம் பகுதியில்தான் பலருக்கு மதிப்பெண் சரிகிறது. தவறுக்குக் கழிவு இல்லாததால் ஒரு கேள்வியையும் விடாதீர்கள்.

6. தேறிய பின்: சான்றும், காத்திருக்கும் காலமும்

முடிவு வந்த அன்று ஊரே கொண்டாடும். ஆனால் இணையத்தில் வந்த மதிப்பெண் அட்டையை வைத்து அடுத்த படிக்குப் போக முடியாது. தேர்ச்சிச் சான்று வேண்டும். அதை வாங்கத் தில்லி துவாரகாவில் உள்ள வாரிய அலுவலகத்துக்கு நேரில் வரச் சொல்லி, முகச் சரிபார்ப்பும் மூலச் சான்றுச் சரிபார்ப்பும் செய்து கொடுப்பதுதான் வழக்கமாக இருந்துவருகிறது. உங்களுக்கு ஒதுக்கிய தேதியைப் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுங்கள். விண்ணப்பத்தில் ஏற்றிய ஒவ்வொரு தாளின் மூலமும் கையில் இருக்க வேண்டும். ஒன்றை வீட்டில் விட்டுவிட்டுப் போனால் இன்னொரு தில்லிப் பயணம்.

அப்புறம் இந்த இடைவெளியில் வரும் அழைப்பு. ‘டாக்டர், நைட் டியூட்டி மட்டும் பாருங்க, கையெழுத்தை நாங்க பாத்துக்கறோம்’ என்று யாராவது ஒரு நர்சிங் ஹோமில் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். பதிவு இல்லாமல் மருத்துவம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 34ஆம் பிரிவுப்படி ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிபட்டால் மறுநாள் செய்தித்தாளில் ‘போலி மருத்துவர் கைது’ என்றுதான் வரும். நீங்கள் ஆறு வருடம் படித்ததை அந்தத் தலைப்பு சொல்லாது. கூப்பிட்டவரும் அன்று உங்களைத் தெரியாது என்பார்.

வீட்டுக்குப் பணம் தேவைதான், புரிகிறது. மருத்துவ எழுத்து, காப்பீட்டு ஆவணச் சரிபார்ப்பு, நர்சிங் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பது என்று நோயாளியைத் தொடாத வேலைகள் இருக்கின்றன.

7. கடலூரா, புதுச்சேரியா: ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு ஊருக்கும் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, கன்னியக்கோவில் புதுச்சேரி. வீடு ஒரு பக்கம், பள்ளி இன்னொரு பக்கம், ரேஷன் கார்டு தாத்தா வீட்டு முகவரியில் என்று இருப்பவர்கள் இங்கே ஏராளம். பதிவு விஷயத்தில் இவை இரண்டு அரசுகள், இரண்டு மருத்துவக் கவுன்சில்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் சென்னை அரும்பாக்கத்தில் இருக்கிறது. புதுச்சேரிக்குப் புதுச்சேரி மருத்துவக் கவுன்சில்.

இரண்டிலும் விண்ணப்பித்துவிட்டு, எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இரண்டிலும் தாமதமாகிறார்கள். மூலச் சான்றுகள் ஓரிடத்தில் இருக்கும்போது இன்னோரிடத்தில் காட்ட முடியாது. பிறகு தடையில்லாச் சான்று, விலகல் கடிதம் என்று வேறு அலைய வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் ஆதார், இருப்பிடச் சான்று, பள்ளிப் படிப்பு மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் போங்கள். தமிழ்நாட்டில் இருப்பிடச் சான்றை இ-சேவை மையம் வழியாக வாங்கலாம், புதுச்சேரியில் வருவாய்த்துறையிடம். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதை வாங்கி வைத்துவிடுங்கள். தாலுகா அலுவலகத்துக்கு உங்கள் அவசரம் தெரியாது.

பிற்பாடு அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே யோசியுங்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் தேர்வை மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்துகிறது, தமிழ்த் தகுதித் தாளும் உண்டு. புதுச்சேரியின் ஆள்சேர்ப்பு தனி.

8. தற்காலிகப் பதிவும் பயிற்சி இடமும்

தேர்ச்சிச் சான்று வந்ததும் கவுன்சிலில் தற்காலிகப் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அது இருந்தால்தான் ஹவுஸ் சர்ஜனாக வார்டுக்குள் நுழைய முடியும். இரண்டாம் பகுதியில் சொன்ன தாள்கள் எல்லாம் மறுபடி இங்கே தேவைப்படும்.

இங்கே நேரம் பிடிக்கும். காரணம் உண்டு. எஃப்.எம்.ஜி.இ. தேறாமலேயே மாநிலக் கவுன்சில்களில் பதிவு பெற்றதாக 73 பேர் மீது 2022 டிசம்பரில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. 14 மாநிலக் கவுன்சில்களின் பெயர் அதில் வந்தது. அதன் பிறகு உங்கள் சான்று உண்மைதானா என்று வாரியத்திடமும் பல்கலைக்கழகத்திடமும் கேட்டுப் பதில் வாங்காமல் எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடத் தயங்குவார். பல்கலைக்கழகத்தின் சரிபார்ப்பு மின்னஞ்சல் முகவரியைச் சரியாகக் கொடுத்து, அங்குள்ள அலுவலகத்துக்கும் ஒரு வரி எழுதி, ‘இந்தியாவிலிருந்து கடிதம் வரும், தயவுசெய்து பதில் போடுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். இந்த ஒரு மின்னஞ்சலால் வாரக்கணக்கில் மிச்சமானவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து இடம். ஒரு கல்லூரியின் அனுமதிக்கப்பட்ட இடங்களில் கூடுதலாக 7.5 சதவீதம் வரைதான் வெளிநாட்டுப் பட்டதாரிகளைப் பயிற்சிக்கு எடுக்கலாம். 150 இடம் உள்ள கல்லூரி என்றால் 11 பேர். சிதம்பரத்தில் உள்ள அரசு கடலூர் மருத்துவக் கல்லூரிதான் வேண்டும், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடுவேன் என்று அடம் பிடித்தால் காத்திருக்க நேரும். விருப்பப் பட்டியலில் விழுப்புரம் முண்டியம்பாக்கத்தையும் இன்னும் தள்ளி உள்ள கல்லூரிகளையும் சேருங்கள். புதுச்சேரிப் பக்கம் கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி அரசுக் கல்லூரி. அதைச் சுற்றித் தனியார் கல்லூரிகள் நிறைய.

பணம் பற்றி. பயிற்சிக்காக வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் கல்லூரி எந்தத் தொகையும் வாங்கக் கூடாது, உதவித்தொகை மற்ற ஹவுஸ் சர்ஜன்களுக்குத் தருவதைப் போலவே தர வேண்டும் என்று ஆணையம் 2022 மார்ச் 4 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. அதன் நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். ‘டெபாசிட்’, ‘நன்கொடை’ என்று யாராவது கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது என்றதும் பேச்சு மாறும்.

கவுன்சில் அனுமதி வருமுன் ஏதாவது மருத்துவமனையில் ‘சேர்ந்துகொள்ளுங்கள், பிறகு சரிசெய்துகொள்ளலாம்’ என்றால் வேண்டாம். அந்த நாட்கள் கணக்கில் வராது.

9. ஹவுஸ் சர்ஜன் வருடம்

12 மாதம், துறை துறையாகச் சுற்றிவர வேண்டும். சமூக மருத்துவத்துக்கு மட்டும் 12 வாரம், பெரும்பாலும் கிராமப்புற சுகாதார நிலையத்தில். எளிதான போஸ்டிங் என்று அதில் லீவு போடுகிறார்கள். வருகை குறைந்தால் அந்தத் துறை மட்டும் நீளும், உங்கள் முடிப்புத் தேதியும் தள்ளும். முதுநிலை நீட் எழுத, பயிற்சியை எந்தத் தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று ஒரு வரம்பு உண்டு. பத்து நாள் லீவால் ஒரு வருடம் போகும்.

லாக்புக்கில் (பயிற்சிக் குறிப்பேடு) அன்றன்றைக்குக் கையெழுத்து வாங்குங்கள். துறை மாறி மூன்று மாதம் கழித்துப் பழைய யூனிட் தலைவரைத் தேடிப் போனால் அவர் மாற்றலாகிப் போயிருப்பார்.

முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும், அது சகஜம். இங்கே படித்தவர்கள் மூன்றாம் ஆண்டிலிருந்தே ஊசி போட்டு, ரத்தம் எடுத்து, பிரசவம் பார்த்துப் பழகியவர்கள். நீங்கள் பல இடங்களில் தள்ளி நின்று பார்த்திருப்பீர்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். வார்டு சிஸ்டரிடம் ‘அக்கா, இதை எனக்கு ஒருமுறை காட்டுங்க’ என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். சிதம்பரம் வார்டில் வரும் பாட்டி ‘நெஞ்சு கரிக்குது, கிறுகிறுன்னு வருது’ என்பார். அதை அப்படியே கேட்டு, எப்போதிலிருந்து, சாப்பிட்ட பிறகா, கை வலிக்கிறதா என்று தமிழில் தொடர்ந்து விசாரிக்கும் பழக்கம் வர வேண்டும். ஆங்கிலத்தில் கேஸ் ஷீட் எழுதுவது பிறகு தானாக வரும்.

10. நிரந்தரப் பதிவு

பயிற்சி முடிந்ததும் கல்லூரி தரும் நிறைவுச் சான்றில் மூன்றைப் பாருங்கள்: பெயர் தற்காலிகப் பதிவில் உள்ளபடி இருக்கிறதா, தொடங்கிய தேதியும் முடிந்த தேதியும் 12 மாதத்துக்குக் குறையாமல் இருக்கின்றனவா, எல்லாத் துறைகளும் வந்திருக்கின்றனவா. பிழை இருந்தால் அங்கேயே திருத்துங்கள். கவுன்சிலுக்குப் போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல்.

அதோடு தற்காலிகப் பதிவுச் சான்றையும் மற்றத் தாள்களையும் வைத்து நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பியுங்கள். எண் வந்த பிறகு தேசிய மருத்துவப் பதிவேட்டில் உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். வேலைக்கு எடுக்கும் மருத்துவமனைகள் அங்கேதான் முதலில் தேடும்.

ரப்பர் ஸ்டாம்பை அதற்குப் பிறகே செய்யுங்கள். மருந்துச் சீட்டு, சான்றிதழ், ரசீது எல்லாவற்றிலும் பதிவு எண் இருக்க வேண்டும் என்பது விதி. ரஷ்யா போன்ற நாடுகளின் பட்டத்தில் ‘எம்.டி. பிசிஷியன்’ என்று இருக்கும். இங்கே அது எம்.பி.பி.எஸ்.க்குச் சமம். பெயருக்குப் பின்னால் வெறும் ‘எம்.டி.’ என்று பலகை வைத்தால் பார்ப்பவர் மேற்படிப்பு என்று நினைப்பார், புகார் வந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள். பதிவுச் சான்றில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். கடலூர்ப் பக்கம் சொந்தமாகக் கிளினிக் திறப்பதாக இருந்தால் பலகை மாட்டுமுன், 1997ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி கிளினிக்குக்கும் தனியாகப் பதிவு வாங்க வேண்டும்.